முழுவதும் எடுத்தாயிற்றா?

ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் நமக்கு நெடுநாள் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் அம்மா மண்டபத்தில் நீராடி, கோயிலுக்குப் போய் வந்து, பத்திரிகையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் படிப்பவர். சில வருஷங்களுக்கு முன்பு அவருக்கு மலத்தோடு இரத்தம் போயிற்று. வழக்கம்போல் எல்லாரும் மூலம் என்றார்கள். அவருடைய மகள் மட்டும் பிடிவாதம் பிடித்து, காவிரிப் பாலத்துக்கு அக்கரையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் சுண்டைக்காய் அளவில் ஒரு சதை மொட்டு இருந்தது. அப்போதே எடுத்தும் விட்டார்கள். "எடுத்தாச்சு சார், இனிமேல் கவலையில்லை" என்றார் டாக்டர். பெரியவர் வீடு திரும்பி, தாயார் சந்நிதியில் அர்ச்சனை செய்துவிட்டு, ஆஸ்பத்திரிக் காகிதங்களை எங்கேயோ வைத்தார். சதைப் பரிசோதனை முடிவை வாங்கிவர வேண்டும் என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அது அவர் காதில் ஏறவில்லை.

நாலு வருஷம் கழித்து மறுபடியும் இரத்தம். இந்தத் தடவை வேறு ஆஸ்பத்திரி. ஏறக்குறைய முன்பு மொட்டு இருந்த பகுதியிலேயே இப்போது பெரிய கட்டி; பரிசோதித்ததில் புற்றுநோய் என்று தெரிந்தது. நல்லவேளையாக வெளியே பரவவில்லை. குடலில் ஒரு பகுதியை அறுத்து எடுத்தார்கள். பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

அறுவைக்கு முன் புதிய டாக்டர் கேட்ட கேள்விகள்தாம் நம்மை இந்தத் தலையங்கம் எழுத வைத்தவை. முன்பு எடுத்த மொட்டு எத்தனை மில்லிமீட்டர்? எந்த இடம்? ஒரே துண்டாக எடுத்தார்களா, துண்டு துண்டாகவா? ஓரம் சுத்தமாக இருந்ததா? சதைப் பரிசோதனையில் என்ன வந்தது? ஒன்றுக்கும் பதில் இல்லை. பழைய ஆஸ்பத்திரியில் விசாரித்ததில் ஒரு பில் நகல் மட்டும் கிடைத்தது. ஆகவே, பழைய மொட்டின் மிச்சம்தான் கட்டியாக வளர்ந்ததா, பக்கத்தில் கண்ணுக்குத் தப்பிய வேறொன்றா, புதிதாக முளைத்ததா என்று இன்றுவரை யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

இந்தச் சதை மொட்டுக்களை டாக்டர்கள் 'பாலிப்' என்கிறார்கள். பெருங்குடல் ஏறக்குறைய ஐந்தடி நீளமுள்ள குழாய். அதன் உட்சுவரில், வயது ஏற ஏற, சிறு மொட்டுக்கள் கிளம்புவது சகஜம். எல்லா மொட்டும் புற்றுநோய் ஆவதில்லை. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாமலே கிடக்கும். ஆனால் பெருங்குடல் புற்றுநோயில் மிகப் பெரும்பகுதி இப்படிப்பட்ட மொட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. மொட்டு புற்றாவதற்குச் சாதாரணமாகப் பத்து வருஷம் பிடிக்கும். அந்தப் பத்து வருஷ அவகாசம் இந்த வியாதி மனிதனுக்குத் தரும் சலுகை. இடையில் மொட்டைக் கண்டு எடுத்துவிட்டால் வியாதியே வராமல் தடுத்துவிடலாம். வந்த பிறகு வைத்தியம் செய்வதற்கும், வராமலே செய்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்! அமெரிக்காவில் மொட்டு எடுக்கப்பட்ட 2,602 பேரை அதிகபட்சம் இருபத்துமூன்று வருஷங்கள் வரை தொடர்ந்து கவனித்து, 2012-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பொது ஜனங்களோடு ஒப்பிட்டால், அவர்களிடையே பெருங்குடல் புற்றுநோயால் ஏற்பட்ட மரணம் பாதிக்குமேல் குறைந்திருந்தது.

இந்த வித்தை மிகப் பழையதன்று. கண்ணாடி இழைகளைக் கட்டாகச் சேர்த்து, வளைந்த வழியிலும் உருவத்தைக் கொண்டுவர முடியும் என்று 1954-ல் லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேயரோடு சேர்ந்து காட்டியவர், பஞ்சாப் மாகாணத்தில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. அந்த வழியில் வளர்ந்த கருவிதான் வயிற்றுக்குள்ளும் குடலுக்குள்ளும் போயிற்று. 1969-ல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா என்ற ஜப்பானிய டாக்டர், உல்ஃப் என்ற தம் சகாவுடன் சேர்ந்து, அந்தக் குழாயின் வழியே ஒரு கம்பிச் சுருக்கை விட்டு, மொட்டின் கழுத்தில் மாட்டி, மின்சாரச் சூட்டால் அறுத்து எடுத்தார். அதற்கு முன்பெல்லாம், பெருங்குடலின் மேல்பகுதியில் இருக்கும் ஒரு மொட்டுக்காக வயிற்றையே கிழிக்க வேண்டியிருந்தது. இன்று நம் தில்லைநகரில் காலையில் போனவர் மாலையில் வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

இவ்வளவு சுலபமாகிவிட்டதே, அதுவே ஒரு ஆபத்தாகவும் முடிகிறது. 'எடுத்தாயிற்று' என்ற சொல்லோடு விஷயம் முடிந்ததாக டாக்டரும் நினைக்கிறார், நோயாளியும் நினைக்கிறார். காவிரிக் கரையில் வாழைத் தோட்டம் வைத்திருப்பவரைக் கேட்டால் இதைப் புரியும்படி சொல்லுவார். கோரையை மேலாகப் பறித்துவிட்டுப் பாத்தியைப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். பத்து நாளில் பழைய இடத்தில் பழைய கோரை.

கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தது உண்மையில் சுத்தம்தானா என்று சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. ஹைக்கோ போல் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் இரண்டு போதனா ஆஸ்பத்திரிகளில் செய்த ஆராய்ச்சி 2013-ல் வெளியாயிற்று. 5 முதல் 20 மில்லிமீட்டர் வரை, அதாவது மிளகளவிலிருந்து சிறு நெல்லிக்காய் அளவு வரையுள்ள மொட்டுக்களை எடுத்தார்கள். 'பூரணமாக எடுத்துவிட்டோம்' என்று டாக்டர் திருப்தியடைந்த பிறகு, அந்தப் புண்ணின் ஓரங்களிலிருந்து சிறு துணுக்குகளைக் கிள்ளி, பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். 346 மொட்டுக்களில் 100-க்கு 10 வீதம் மிச்சம் இருந்தது! சிறிய மொட்டுக்களில் 100-க்கு 7. பத்து மில்லிமீட்டருக்கு மேற்பட்டவற்றில் 100-க்கு 17. தட்டையாக, ஓரம் தெரியாமல், பாசிபோல் ஒட்டிக்கிடக்கும் ஒரு வகை மொட்டு உண்டு. அதில் 100-க்கு 31. இவை எல்லாம் போதனா ஆஸ்பத்திரிகளில், கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தே டாக்டர்கள் செய்த வேலை என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்த ஆராய்ச்சியில் நம்மை அதிகம் சிந்திக்க வைத்த கணக்கு வேறொன்று. டாக்டருக்கு டாக்டர் வித்தியாசம் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. ஒருவர் எடுத்ததில் 100-க்கு 6 அல்லது 7 மிச்சம். இன்னொருவர் எடுத்ததில் 100-க்கு 22-க்கும் மேல். ஒரே மாதிரிக் கருவி, ஒரே மாதிரிப் படிப்பு, கைதான் வேறு. தங்கள் கை எந்தக் கை என்பது அந்த டாக்டர்களுக்கே அதுவரை தெரிந்திருக்க நியாயமில்லை. யாரும் எண்ணிப் பார்த்ததில்லையே.

'ஆழமாகச் சுட்டு எடுத்துவிட்டால் போகிறது' என்று நாம் சொல்லிவிடலாம். அங்கேதான் சங்கடம். குடலின் சுவர் சில மில்லிமீட்டர் கனமே உள்ளது. அளவு மீறினால் ஓட்டை விழும்; இரத்தம் பெருகும். பூரணமாகவும் எடுக்க வேண்டும், சுவரும் பிழைக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கிற வேலை இது. ஆகையால் டாக்டர்களைக் குறை சொல்லுவதற்கு முன் இந்தக் கஷ்டத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் வழிகள் இல்லாமல் இல்லை. மிளகுக்கும் சிறிய, கடுகளவு மொட்டென்றால் இடுக்கியால் கிள்ளலாம். அதற்கு மேற்பட்டதை இடுக்கியால் கிள்ளிக் கிள்ளி எடுப்பது மிச்சம் வைப்பதற்கு நல்ல வழி. பத்து மில்லிமீட்டருக்கு உட்பட்டவற்றைச் சூடு இல்லாமல், வெறும் கம்பிச் சுருக்கால், சுற்றியுள்ள நல்ல சதையிலும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் சேர்த்து வெட்டுவதே மேல் என்று அமெரிக்கக் குடல் வைத்திய சங்கங்கள் 2020-ல் கூடிச் சொல்லியிருக்கின்றன. சூடு இல்லாததால் பின்னால் இரத்தம் கசிவதும் குறைவு. பெரிய, தட்டையான மொட்டென்றால், அதன் அடியில் சாயம் கலந்த உப்பு நீரை ஊசியால் ஏற்றுகிறார்கள். தோசை கல்லிலிருந்து கிளம்புவதுபோல் மொட்டு மேலே கிளம்பும், ஓரம் நிறத்தால் பிரிந்து தெரியும், அடிச்சுவரும் தப்பும். அப்படியும் பெரியவை துண்டு துண்டாகத்தான் வரும். துண்டுகளுக்கிடையில் தீவுபோல் ஏதாவது தங்கிவிடும். வெட்டிய பள்ளத்தின் ஓரத்தைச் சுற்றிலும் இலேசாகச் சுட்டுவிட்டால், மறுபடி முளைப்பது 100-க்கு 21-லிருந்து 5 ஆகக் குறைகிறது என்று ஆஸ்திரேலியாவிலிருந்து 2019-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. இதற்குப் புதிய யந்திரம் ஏதும் வேண்டியதில்லை. கையில் இருக்கும் சுருக்கின் நுனியே போதும். சில நிமிஷ நேரமும், 'இன்னும் மிச்சம் இருக்கலாம்' என்ற சந்தேகமும்தான் வேண்டும்.

மொட்டை எடுப்பது ஒரு பக்கம். பார்ப்பது மற்றொரு பக்கம். குழாய் பரிசோதனை செய்துகொண்ட பின்னும் புற்றுநோய் வந்தவர்களின் கதையை எட்டு ஆராய்ச்சிகளிலிருந்து திரட்டி 2014-ல் வெளியிட்டார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, முதல் பரிசோதனையில் கண்ணுக்குத் தப்பியதுதான் காரணம் என்று கண்டார்கள். ஐந்தில் ஒருவருக்கு, அரைகுறையாக எடுத்தது. அமெரிக்க ஜனாதிபதி ரீகனுக்கு 1985 ஜூலையில் ஒரு சிறு மொட்டை எடுப்பதற்காகக் குழாயை உள்ளே விட்டார்கள். பெருங்குடல் தொடங்கும் மூலை வரைக்கும் போனபோதுதான், அங்கே பெரிய கட்டி ஒன்று இருப்பது தெரிந்தது. மறுநாளே இரண்டடி நீளக் குடலை எடுத்தார்கள். கட்டியில் புற்றுநோய் இருந்தது. மூலை வரைக்கும் போய்ப் பார்க்காதிருந்தால், அதற்குப் பிறகு அவர் பத்தொன்பது வருஷம் வாழ்ந்திருப்பாரா என்பது சந்தேகமே.

கண்ணுக்குத் தப்புவதில் நோயாளியின் பங்கும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. குடல் சுத்தமாக இல்லாவிட்டால் எந்த நிபுணருக்கும் ஒன்றும் தெரியாது. முதல் நாள் கீரை, கொட்டை, விதை, தோல் எல்லாவற்றையும் தள்ளி, கொடுக்கிற மருந்துப் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, பாதியை முதல் நாளும் மறு பாதியைப் பரிசோதனை நாள் காலையிலுமாகச் சொன்னபடி குடிக்க வேண்டும். ஏகாதசி உபவாசம் இருந்து பழகிய ஸ்ரீரங்கத்தாருக்கு இது பெரிய காரியமா என்று தோன்றலாம். ஆனால் நம்மில் பலருடைய ஏகாதசி, உப்புமாவும் அடையுமாகவே நடந்தேறுகிறது என்பது ரங்கநாதருக்குத் தெரியாததல்ல. துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரையைச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலையில் குழாய் பரிசோதனைக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் டாக்டர் என்ன செய்வார்? சர்க்கரை வியாதிக்காரரும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி யோசனை கேட்க வேண்டும்.

இன்னொரு பெரிய தடை நம் ஊர்ச் சுவர்களில் ஒட்டியிருக்கிறது. சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து காந்தி மார்க்கெட் வரையில் நடந்து போனால், 'மூலம், பவுத்திரம்' என்ற நோட்டீஸ் இல்லாத மின்சாரக் கம்பத்தைக் காண்பது அரிது. இரத்தம் என்றால் மூலம். மூலம் என்றால் லேகியம். இப்படியே மாதங்கள் போகின்றன. மூலமாகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் பார்க்காமல் எப்படித் தெரியும்? நாற்பதைத் தாண்டியவருக்கு இரத்தம் போனாலும், மலம் போகும் பழக்கம் மாறி வாரக் கணக்கில் நீடித்தாலும், காரணம் தெரியாமல் இரத்தசோகை வந்தாலும், பார்த்துத்தான் தீர வேண்டும். நாற்பதுக்குக் கீழே என்றால் அசட்டையாக இருக்கலாம் என்பதுமில்லை. நம் நாட்டில் இந்த வியாதி மேல்நாட்டைக் காட்டிலும் குறைவுதான். எனினும் வருகிறவர்களில் வாலிபர்களும் கணிசமாக இருப்பதை டாக்டர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள்.

ஐம்பது வயதான எல்லாருக்கும் சர்க்கார் செலவில் குழாய் பரிசோதனை வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கு ஜனங்களைச் சோதிக்கச் சர்க்கார் திட்டம் வைத்திருக்கிறது. அதுவே இன்னும் முழுமையாக நடந்தபாடில்லை. 2021-ல் தமிழ்நாட்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது, நல்ல காரியம். பெருங்குடலை அந்தப் பட்டியலில் சேர்ப்பதற்கு வேண்டிய டாக்டர்களும் கருவிகளும் இன்று நம்மிடம் இல்லை. நாம் கேட்பது சிறியது. இப்போது நடக்கிற பரிசோதனை, பூரணமாக நடக்கட்டும். நடந்தது எழுத்தில் இருக்கட்டும்.

எழுத்தில் இருப்பது ஸ்ரீரங்கத்துக்குப் புதிதல்ல. கோயிலில் உள்ள 1493-ம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, அங்கே முன்பு இருந்து பாழ்பட்டுப் போன ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்து, தன்வந்திரியைப் பிரதிஷ்டை செய்த செய்தியைச் சொல்லுகிறது. ஐந்நூறு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியைப் புதுப்பித்தவர் யார் என்பது நமக்குத் தெரிகிறது. நாலு வருஷத்துக்கு முன் எடுத்த மொட்டு எத்தனை மில்லிமீட்டர் என்பது தெரியவில்லை!

புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு ஆஸ்பத்திரியும், நகரத்தில் குழாய் பரிசோதனை செய்யும் தனியார் ஆஸ்பத்திரிகளும், மொட்டு எடுக்கப்பட்ட ஒவ்வொருவர் கையிலும் தமிழில் ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும். குழாய் மூலை வரைக்கும் போயிற்றா, குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது, மொட்டின் இடமும் அளவும், ஒரே துண்டா பல துண்டா, எல்லாம் வெளியே வந்து பரிசோதனைக்குப் போயிற்றா, அடுத்தது எந்த மாதம், எந்த வருஷம் — அரைப்பக்கத்தில் அடங்கிவிடும். அடுத்த தேதி ஆளுக்கு ஆள் மாறுவது. ஒன்றிரண்டு சிறு மொட்டுப் பூரணமாக எடுத்தவருக்கு ஏழு முதல் பத்து வருஷம் வரை பொறுக்கலாம் என்று அமெரிக்காவில் சொல்லுகிறார்கள். இருபது மில்லிமீட்டருக்கு மேற்பட்டதைத் துண்டு துண்டாக எடுத்தவர் ஆறாம் மாதமே திரும்ப வர வேண்டும். இந்த இரண்டு பேரையும் 'கவலையில்லை' என்று ஒரே வார்த்தை சொல்லி அனுப்புவது நியாயமா?

சீட்டைத் தவிர, ஆஸ்பத்திரிகள் தங்களுக்குள்ளே செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. திரும்பி வருகிறவர்களின் பழைய தழும்பைப் பார்த்து, எத்தனை பேருக்கு அதே இடத்தில் முளைத்திருக்கிறது என்று டாக்டர் வாரியாகக் கணக்கு வைக்க வேண்டும். யாரையும் அவமானப்படுத்துவதற்காக அல்ல. பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. தம் கணக்கைத் தாமே பார்க்கிற டாக்டருக்குக் கை தானாகத் திருந்தும். பெரிய, தட்டையான மொட்டைக் கண்டால், தமக்கு அதில் பழக்கம் போதாது என்று தோன்றினால், தொடாமல் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பழக்கமுள்ளவரிடம் அனுப்புவதில் இழுக்கு ஒன்றுமில்லை. பாதி வெட்டிய மொட்டு தழும்பேறிக் கெட்டிப்பட்டு, இரண்டாவது டாக்டருக்கு இரட்டை வேலையாகிறது.

நோயாளிகள் கேட்கத் தயங்குகிறார்கள் என்பது உண்மை. 'டாக்டரையே கேள்வி கேட்பதா' என்ற சங்கோசம் நம் ஜனங்களுக்கு அதிகம். மயக்க மருந்தின் தெளிவில்லாத நேரத்தில், டிராலிப் படுக்கையில் படுத்தபடி, என்ன கேட்பது? கூட வந்தவர் கேட்க வேண்டும். "முழுவதும் எடுத்தாயிற்றா? எப்படித் தெரியும்?" என்று மரியாதையாகக் கேட்டால், நல்ல டாக்டர் ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். சதைப் பரிசோதனை முடிவு வர ஒரு வாரம் ஆகலாம். அதை வாங்காமல் விட்டால், எடுத்ததில் பாதிப் பிரயோஜனம் போய்விடும். தபாலில் வரும் என்று காத்திருக்க வேண்டாம். நேரில் போய் வாங்கிவிடுங்கள்.

கீழச் சித்திரை வீதிப் பெரியவர் இப்போது தம் சீட்டுக்களை எல்லாம் பஞ்சாங்கத்தோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்திருக்கிறார். தகப்பனாருக்கு இந்த வியாதி வந்தால், பிள்ளைகளும் நாற்பது வயதிலேயே பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பது வைத்தியர்கள் சொல்லும் விதி. அவருடைய மகளுக்கு நாற்பத்திரண்டு. வைகாசியில் பரிசோதனைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். துணைக்குத் தகப்பனாரே போகிறாராம். கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதி, நம்மிடமும் காட்டினார். ஒன்பது கேள்விகள் இருந்தன.